கிளைசீன் இருக்க வேண்டிய இடத்தில்

ரிப்போர்ட் மொத்தம் நான்கு பக்கம். மாமா அதை என் கையில் கொடுக்கும்போது முதல் பக்கத்தின் ஓரத்தில் இட்லி மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. "நீதான பிள்ள பயாலஜி எடுக்கே. இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு" என்றார். அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு வாசல்படிக்கு வந்து நின்றார்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது. கே-ராஸ் மரபணுவில் ஜி12டி மாற்றம் இருக்கிறது என்று. அதற்குக் கீழே, ஈஜிஎஃப்ஆரைத் தடுக்கும் மருந்துகளால் இவருக்குப் பலன் எதிர்பார்க்க முடியாது என்று இன்னொரு வரி.

மாட்டுங்காவில் ஒரு பள்ளியில் பத்தொன்பது வருடமாக உயிரியல் நடத்துகிறேன். புற்றுநோய்ப் பாடத்தில் புரோட்டோ ஆன்கோஜீன், அதாவது கெட்டுப்போனால் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மரபணு, என்ற சொல் இரண்டு மூன்று வரிகளில் வந்துபோகும். பிள்ளைகள் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வார்கள், நானும் அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். அந்த இரண்டு வரி என் மாமாவின் குடலில் இருக்கிறது என்று தெரிந்த அன்று, அதை எத்தனை அவசரமாகக் கடந்து போயிருக்கிறேன் என்று உறைத்தது.

மாமாவுக்கு 58 வயது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் தாராவிக்கு வந்தவர். முதலில் தலையில் கூடை வைத்து இட்லி விற்றார், அப்புறம் சைக்கிள், இப்போது மூன்று கிரைண்டர் வைத்து மாவும் இட்லியும் கடைகளுக்குக் கொடுக்கிறார். மலத்தில் ரத்தம் வந்ததைப் பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன பிறகும் அந்தப் பகுதியில் ஒரு டாக்டர் அது மூலநோய் என்று சொல்லி ஏழு மாதம் மாத்திரை கொடுத்தார். உள்ளே குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னது வேறொரு டாக்டர். பெருங்குடலின் இடது பக்கம், கீழ்ப்பகுதியில் கட்டி. ஸ்கேனில் கல்லீரலில் இரண்டு புள்ளிகள். பரேலுக்குப் போனோம். 1941இல் திறந்த டாடா மெமோரியல் மருத்துவமனை இருக்கும் அதே பரேல். மும்பையில் யாராவது "பரேலுக்குப் போறோம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் எதற்கென்று மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. உறவில் ஒருவர் செடக்ஸிமாப் என்ற மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து சொன்னார். குடல் புற்றுநோய்க்குக் குறிபார்த்து அடிக்கும் ஊசி, கீமோவோடு சேர்த்துக் கொடுத்தால் நன்றாகக் கேட்கும் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, சரியான ஆளுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் அதன் ஒரு மாதச் செலவு எங்களைப் போன்ற குடும்பத்தின் பல மாத வருமானம். மாமாவுக்கு ஊரில் அரை ஏக்கர் பனைவிளை இருக்கிறது. "வித்துருவோம், உசுரு இருந்தா வெளை வாங்கிக்கலாம்" என்று அத்தை சொல்லிவிட்டார். ஊரில் ஆள் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

டாக்டர்தான் நிறுத்தினார். முதலில் ராஸ் டெஸ்ட் வரட்டும், அப்புறம் பேசலாம் என்றார். பிளாக்கை எடுத்துக்கொண்டு லேபுக்கு அலைந்தது நான்தான். பிளாக் என்றால் பயாப்சியில் எடுத்த சதைத்துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சிறு கட்டி. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் நடுவில் மிளகளவு பழுப்பாக ஏதோ தெரிந்தது. மாமாவின் கட்டியில் ஒரு துளியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சயன் ஸ்டேஷன் படியில் இறங்கியதை மறக்க முடியவில்லை. பத்து நாள் கழித்து வந்ததுதான் மாவு ஒட்டிய அந்த ரிப்போர்ட்.

சரி, ராஸ் என்றால் என்ன?

அது ஒரு புரதக் குடும்பம். எலியில் வரும் சர்கோமா என்ற புற்றுக்கட்டியிலிருந்து வந்த பெயர். 1964இல் லண்டனில் ஜெனிஃபர் ஹார்வி எலிகளில் வேலை செய்துகொண்டிருந்தபோது, வேகமாகக் கட்டியை உண்டாக்கும் ஒரு வைரஸைக் கண்டார். 1967இல் அமெரிக்காவில் வெர்னர் கிர்ஸ்டன் அதேபோல் இன்னொன்றைக் கண்டார். ஹார்வியின் முதல் எழுத்து ஹெச்-ராஸ் ஆயிற்று, கிர்ஸ்டனின் முதல் எழுத்து கே-ராஸ். அப்புறம் என்-ராஸ் சேர்ந்தது. மூன்றும் கூடப்பிறந்தவைபோல, வால்பகுதியைத் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒரே அச்சு. கணையம், குடல், நுரையீரல் என்றால் பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது கே-ராஸ். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் என்-ராஸ் அதிகம். தூரத்துச் சொந்தங்களையும் சேர்த்தால் இந்த வம்சத்தில் 150க்கு மேல் புரதங்கள்.

எலி வைரஸில் இருந்த இந்த மரபணு மனிதர்களிடமும் இருக்கிறது, ஒரு சிறு மாற்றம் போதும் அது புற்றுநோய் பக்கம் சாய்ந்துவிடும் என்பது 1982இல் தெளிவானது. மனித சிறுநீர்ப்பைப் புற்றுநோய் செல்களில் ஹெச்-ராஸை எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். ராபர்ட் வைன்பர்க், மரியானோ பார்பாசிட், மைக்கேல் விக்லர் ஆகியோரின் குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தன. ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தின் 12ஆம் இடத்தில் கிளைசீன் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியதற்குப் பதில் வேலின் இருந்தது. மாமாவுக்கும் அதே 12ஆம் இடம்தான், கே-ராஸில். அங்கே கிளைசீனுக்குப் பதில் ஆஸ்பார்ட்டிக் அமிலம். ஜி12டி என்பதில் ஜி கிளைசீனைக் குறிக்கும், டி ஆஸ்பார்ட்டிக் அமிலத்தை. அந்த இடத்துக்கான மூன்று டிஎன்ஏ எழுத்துகளில் நடு எழுத்து ஜி போய் ஏ வந்திருக்கிறது. 300 கோடி எழுத்துள்ள புத்தகத்தில் ஒன்று.

மாமா இதைக் கேட்டுவிட்டு, "ஒரு எழுத்துக்கா இவ்ளோ?" என்றார். அவருக்கு விளங்க வேண்டும் என்று நான் பாடம் நடத்த ஆரம்பித்தேன். விளங்க வைத்தது கடைசியில் அவரேதான்.

ராஸ் ஒரு சுவிட்ச். மூன்று பாஸ்பேட் உள்ள குவனோசின் மூலக்கூறு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அது ஆன், செல்லைப் "பெருகு" என்று சொல்லும். அந்த மூன்றில் ஒரு பாஸ்பேட் வெட்டுப்பட்டு இரண்டானால் ஆஃப். வெட்டும் வேலையை ராஸ் தனியாகச் செய்தால் ரொம்ப மெதுவாக நடக்கும். அதனால் கேப் என்று இன்னொரு புரதம் வந்து, ஒரு விரலை உள்ளே நீட்டி வெட்டிக் கொடுக்கும். ஆராய்ச்சியாளர்களே அதை ஆர்ஜினின் விரல் என்றுதான் சொல்கிறார்கள். அந்த விரல் நுழைகிற இடத்தை ஒட்டித்தான் 12ஆம் கிளைசீன் இருக்கிறது. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசீன். அதன் பக்கக் கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன். வேறெந்த அமினோ அமிலம் அங்கே வந்தாலும், அநேகமாக எல்லாமே, விரலுக்கு இடைஞ்சல். தாழ்ப்பாள் விழ வேண்டிய ஓட்டையில் ஓர் அரிசி மாட்டிக்கொண்டதுபோல. தாழ்ப்பாளும் நல்லதுதான், கதவும் நல்லதுதான், ஆனால் பூட்டாது.

மாமா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "நம்ம பெரிய கிரைண்டரு சொல்லுதே" என்றார்.

போன மழைக்காலத்தில் அந்தக் கிரைண்டரின் சுவிட்ச் உள்ளே கருகி ஒட்டிக்கொண்டது. மேலே ஆஃப் என்று காட்டுகிறது, கல் நிற்கவில்லை. உளுந்து அரைபட்டு அரைபட்டுச் சூடேறிப் பொங்கி விளிம்பில் வழிந்தது. அத்தை சுவிட்சைப் பத்து தடவை தட்டிப் பார்த்துவிட்டு மெயினை இறக்கினார். கிரைண்டர் நின்றது. கூடவே ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் நின்றன.

"அப்பம் கீமோன்னா மெயினை இறக்குறது" என்றார் மாமா.

ஆமாம் மாமா என்றேன். "அந்த விலைகூடின ஊசி?" என்று கேட்டார்.

செடக்ஸிமாப் செல்லுக்கு வெளியே, ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியின் மேல் போய் உட்காரும். ஈஜிஎஃப்ஆர்தான் சாதாரணமாக ராஸைத் தட்டி ஆன் செய்வது. சுவிட்சைத் தட்டும் கை அது என்று வைத்துக்கொண்டால், செடக்ஸிமாப் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும். இதை நான் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் மாமா கையை வீசினார். "சுவிட்சே ஒட்டிப்போச்சு, கையப் பிடிச்சு என்னத்துக்கு? வெளைய விக்காண்டாம்னு சொல்லு உங்க அத்தைகிட்ட."

கே-ராஸ் மாறியிருக்கும் குடல் புற்றுநோயில் செடக்ஸிமாப் கேட்காது என்பதை 2008இல் வந்த ஆய்வு முடிவுகள் உறுதி செய்தன. அதற்கு முன்னால், கே-ராஸ் எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே அந்த மருந்து எத்தனை பேருக்கு ஏற்றப்பட்டிருக்கும்? குடல் புற்றுநோய்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தில் கே-ராஸ் மாறியிருக்கிறது. அத்தனை பேர் வீட்டிலும் விற்கப்பட்ட நகையை, நிலத்தை நினைத்துப் பார்க்கிறேன். "இந்த மருந்து உங்களுக்கு வேண்டாம்" என்று ஒரு காகிதம் சொல்வது அன்றைக்கு எங்களுக்கு இடிபோலத்தான் இருந்தது. அத்தை அழுதார். ஆனால் அந்த ஒரு வரியை எழுத 1964இலிருந்து எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள், அது என் மாமாவின் பனைவிளையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் யாருக்காவது பரவிய குடல் புற்றுநோய் என்றால், விலை உயர்ந்த ஊசியைப் பற்றிப் பேச்சு வருவதற்கு முன் ராஸ் டெஸ்ட் செய்தாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம்.

ராத்திரி மாட்டுங்காவுக்குத் திரும்பியதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. கையைப் பிடித்துப் பயனில்லை என்றால் சுவிட்சையே ஏன் சரிசெய்யக் கூடாது? 1982இலேயே குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டதே?

படிக்கப் படிக்க, அந்தக் கேள்வியில் முப்பது வருடம் புதைந்து கிடப்பது தெரிந்தது. பல புற்றுநோய் மருந்துகள் வேலை செய்யும் விதம் எளிது. கெட்டுப்போன புரதம் தன் எரிபொருளைப் பிடிக்கும் குழிக்குள் மருந்து முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துகொள்ளும். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் அப்படித்தான் 2001இல் வந்து ஒரு பெரிய கதவைத் திறந்தது. ராஸிடம் அது நடக்காது. தன் குவனோசின் மூலக்கூறை அது பிடிக்கும் பிடி அவ்வளவு இறுக்கம், செல்லுக்குள் அந்த மூலக்கூறும் ஏராளம். போட்டி போட்டு எந்த மருந்தாலும் உள்ளே நுழைய முடியவில்லை. அந்தக் குழியை விட்டால் ராஸின் மேற்பரப்பு கூழாங்கல் மாதிரி வழவழ. மருந்து தொற்றிக்கொள்ள ஒரு பள்ளம் தென்படவில்லை.

சுற்றி வளைத்தும் பார்த்தார்கள். ராஸ் செல்லின் சவ்வில் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும். அதற்கு அதன் வாலில் ஃபார்னெசில் என்ற கொழுப்புத் துண்டு ஒட்ட வேண்டும். அந்த ஒட்டுதலைத் தடுக்கும் மருந்துகள் வந்தன. எலியில் நன்றாகவே கேட்டன. மனிதரில் கே-ராஸும் என்-ராஸும் அந்தக் கொழுப்பு கிடைக்காவிட்டால் வேறொரு கொழுப்பை ஒட்டிக்கொண்டு தப்பித்தன. வருடக்கணக்கான உழைப்பு வீண் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அவற்றில் ஒன்றான லோனாஃபார்னிப், சிறு வயதிலேயே முதுமை வரும் புரோஜீரியா குழந்தைகளுக்கு 2020இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. யாருக்காகவோ தோண்டிய கிணற்றில் வேறு யாரோ தண்ணீர் குடிக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு விளக்கை அணைக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

2013இல் கலிஃபோர்னியாவில் கெவன் ஷோகாட்டின் ஆய்வுக்கூடம் வேறு வழியில் யோசித்தது. 12ஆம் இடத்தில் சிஸ்டீன் வந்து உட்காரும் ஒரு வகை மாற்றம் உண்டு, அதுதான் ஜி12சி. சிஸ்டீனில் கந்தகம் இருக்கிறது. கந்தகம் வேறு பொருளோடு பிணைய எப்போதும் தயார். நல்ல ராஸில் அந்த இடத்தில் கந்தகம் கிடையாது. அப்படியானால் கந்தகத்தைக் கொக்கியாகப் பிடித்துக்கொள்ளும் மருந்து கெட்ட ராஸை மட்டும் பிடிக்கும், நல்லதைத் தொடாது. நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிக்கொண்டதைப் படிகமாக்கிப் பார்த்தபோது, அதுவரை யாரும் பார்க்காத ஒரு பள்ளம் தெரிந்தது. சும்மா இருக்கும்போது மூடிக்கிடக்கும், பொருத்தமான மூலக்கூறு வந்தால் விலகி இடம் கொடுக்கும். வழவழப்பான கல் என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில்.

அங்கிருந்து எட்டு வருடத்தில், 2021 மே மாதம், சோட்டோராசிப் நுரையீரல் புற்றுநோய்க்கு அங்கீகாரம் பெற்றது. ராஸையே நேராக அடிக்கும் முதல் மருந்து. 2022 டிசம்பரில் அடாக்ராசிப். அற்புதம் என்று துள்ளிக் குதிக்கும்படியும் இல்லை. ஆய்வுகளில் பத்தில் ஏறக்குறைய நான்கு பேருக்குத்தான் கேட்டது, கேட்டவர்களுக்கும் பெரும்பாலும் சில மாதங்களில் புற்றுநோய் வேறு வழி கண்டுபிடித்துவிட்டது. குடல் புற்றுநோயில் தனியாகக் கொடுத்தால் இன்னும் பலவீனம், ஏனென்றால் சுவிட்சை அடக்கியதும் ஈஜிஎஃப்ஆர் கை மும்முரமாகத் தட்ட ஆரம்பிக்கிறது. அதனால் ஜி12சி உள்ள குடல் புற்றுநோய்க்கு இப்போது இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அடாக்ராசிப்போடு செடக்ஸிமாப். எங்களுக்கு வேண்டாம் என்ற அதே ஊசிதான், சுவிட்சும் அடங்கினால் கையைப் பிடிப்பதற்கும் பலன் வந்துவிடுகிறது.

மாமாவுக்கு இருப்பது டி, சி இல்லை. ஆஸ்பார்ட்டிக் அமிலத்தில் கந்தகம் கிடையாது, கொக்கி மாட்ட இடமில்லை. இதைச் சொல்ல மறுநாள் தாராவிக்குப் போனபோது எனக்கு நாக்கு எழவில்லை. "பக்கத்து வீட்டு சாவி நம்ம பூட்டுக்குச் சேராது, அம்புட்டுதான?" என்று அவரே முடித்துக்கொடுத்தார்.

கீமோ ஆரம்பித்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. கடைசி மருந்து 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும் என்பதால், சின்ன பாட்டில் போன்ற ஒரு பம்பை இடுப்பில் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைக் கட்டிக்கொண்டே மாமா கணக்கு எழுதுவார். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தின் குணம் எங்களை ரொம்பப் படுத்தியது. குளிர்ச்சியான எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஊசி குத்தும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை பிடித்துக்கொள்ளும். மாவுக்காரருக்குக் காலை நாலு மணி வேலையே குளிர்ச்சியில்தான். ஊறிய அரிசி, எவர்சில்வர் அண்டா, ராத்திரி நின்ற தண்ணீர். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு ஒரு நாள் நான் அங்கேயே தங்கியிருந்தேன். மாமா பழக்கத்தில் அண்டாவுக்குள் கையை விட்டார், விட்ட வேகத்தில் எடுத்தார், விரல்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நாற்பது வருடமாக மாவின் பதத்தைத் தண்ணீர் போதுமா போதாதா என்று தொட்டுப் பார்த்துச் சொன்ன கை. அன்றிலிருந்து அத்தை வெந்நீர் ஊற்றிக் கலக்குகிறார், மாமா கம்பளிக் கையுறையோடு பக்கத்தில் நின்று, கரண்டியிலிருந்து மாவு விழும் விதத்தைப் பார்த்துப் பதம் சொல்கிறார்.

எட்டு சுற்று முடிந்து எடுத்த ஸ்கேனில் கல்லீரல் புள்ளிகள் சுருங்கியிருந்தன. அறுவை சிகிச்சை பற்றி டாக்டர்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் டி-யைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கணையப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தில் கே-ராஸ் மாறியிருக்கிறது, அதில் அதிகம் காணப்படுவது ஜி12டி. அதனால் அதன் மேல் உலகமே கண் வைத்திருக்கிறது. ஜி12டி-ஐ மட்டும் குறிவைக்கும் மூலக்கூறுகள் மனிதர்களிடம் சோதனைக்கு வந்துவிட்டன. டராக்ஸான்ராசிப் என்று ஒன்று இன்னும் விசித்திரம். அது நேராக ராஸில் போய் உட்காருவதில்லை. செல்லில் ஏராளமாக இருக்கும் சைக்ளோஃபிலின் என்ற வேறொரு புரதத்தை முதலில் பிடித்து, அதையும் இழுத்துக்கொண்டு போய், ஆன் நிலையில் இருக்கும் ராஸின் மேல் மூடிபோலக் கவிழ்க்கிறது. பள்ளம் இல்லாத கல்லின் மேல், பக்கத்து ஆளைச் சேர்த்துக்கொண்டு ஏறுவது. 12ஆம் இடத்தில் எந்த எழுத்து என்று அது அதிகம் பார்ப்பதில்லை, குடும்பத்தில் மூன்று பேரையும் பிடிக்கும். நல்ல ராஸும் மாட்டுவதால் தோலில் தடிப்பு, வாய்ப்புண் வருகின்றன.

வந்தாலும் என்ன விலைக்கு வரும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. 2013 ஏப்ரலில், இமாட்டினிபின் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே விலை குறைந்த மாத்திரை தொடர்ந்து கிடைத்தது அதனால்தான். ராஸில் பள்ளம் கண்டுபிடித்ததும் அதே 2013. இரண்டும் ஒன்றுசேர்ந்தால்தான் தாராவியில் ஒரு வீட்டுக்கு மருந்து வந்து சேரும்.

பிளாக் மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும், நாளைக்குப் புதிய பரிசோதனை வந்தால் தேவைப்படும் என்று சொல்லியிருந்தேன். மீதி பிளாக்கை லேபிலிருந்து வாங்கிக் கொடுத்ததும் மாமா அதை ஒரு மருந்து டப்பாவில் போட்டு, வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்தார். ரிப்போர்ட் இரும்புப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. போன வாரம் எதற்கோ அந்தக் கவரை எடுத்துத் தரச் சொன்னார். உள்ளே ரேஷன் கார்டு, அதற்குப் பின்னால் பனைவிளைப் பட்டா, பட்டாவோடு ஒட்டினாற்போல் மாவுக் கறையுள்ள அந்த நான்கு பக்கம்.

"நம்ம டி-க்கு வந்துட்டா பிள்ள?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"இன்னும் சோதனையிலதான் இருக்கு மாமா."

"சரி, வரட்டும்" என்று கவரை வாங்கி மடித்து, பெட்டியில் வைத்து மூடினார். கீழே அத்தை கிரைண்டரைப் போட்டார்.